பத்து மடங்கு

மார்ச் 3, செவ்வாய்

அறுபத்தொரு வயதில் புது வேலையில் முதல் நாள். பழைய நாணயம் விற்கிற கடை. மூட்டையாக வாங்கிப் போட்டிருக்கும் நாணயங்களில் பிழையானவற்றைப் பொறுக்கித் தர வேண்டும். எழுத்து இரட்டையாக விழுந்தது, நடு விலகி அடித்தது, அச்சு விரிசல் கண்டது. ஒழுங்காக அடித்த நாணயத்தை யாரும் சீந்துவதில்லை. கோணல்களுக்குத்தான் கிராக்கியாம்.

"நாணயச்சாலையில முப்பத்து மூணு வருஷம் பரிசோதனை பார்த்தவங்க கிடைச்சது என் அதிர்ஷ்டம்க்கா" என்றார் கடைக்காரர். இருபத்திரண்டு வருடம்தான் பரிசோதனை. மீதிப் பதினொன்று மூட்டைக்கு வாய் தைத்தேன். அதைச் சொல்லவில்லை.

கண்ணாடிப் பெட்டியில் நீல வெல்வெட்டின் மேல் அது உட்கார்ந்திருந்தது. விளிம்பில் கொப்புளம். "அச்சு உடைந்த அரிய நாணயம்" என்று சீட்டு. என் மானத்தை வாங்கிய நாணயத்தை வாங்க மூன்று பேர் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.

மார்ச் 5, வியாழன்

கடையில் இருக்கும் லென்ஸைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. பிளாஸ்டிக். பக்கத்தில் குட்டி பல்பு. "60 மடங்கு" என்று தங்க எழுத்து. பதினைந்து தேறினாலே அதிகம். ஓரமெல்லாம் வானவில்.

கடைக்காரர் நாணயத்தை மேஜையில் வைத்துவிட்டு, லென்ஸை முழ நீளத்தில் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து தேடுகிறார். கிணற்றுக்குள் சாவியைத் தொலைத்தவர் மாதிரி.

"லென்ஸைக் கண்ணோட ஒட்டிப் பிடிங்க. நாணயத்தைத் தூக்கி லென்ஸ்கிட்ட கொண்டு வாங்க."

"எல்லாரும் நான் பிடிக்கிற மாதிரிதானே பிடிப்பாங்க?"

"யாரும் சொல்லித் தராதவங்க எல்லாரும் அப்படித்தான் பிடிப்பாங்க."

என்ன வாங்கலாம் என்று கேட்டார். முதல் அலசலுக்கு, வளைகிற கை வைத்த மேஜை விளக்கில் பதித்த பெரிய லென்ஸ், மூன்று மடங்கு. சந்தேகம் வந்ததைத் தீர்க்க, மூன்று கண்ணாடி ஒட்டிய மடக்கு லென்ஸ், பத்து மடங்கு. பிறகு படம் எடுத்து வாங்குபவருக்குக் காட்ட, கம்ப்யூட்டரில் மாட்டுகிற நுண்ணோக்கி. "முப்பது மடங்காவே வாங்கிட்டா ஒரே செலவா போயிடுமே" என்றார். முப்பதில் ஒரு எழுத்தின் கால்தான் தெரியும். கை நடுக்கமும் முப்பது மடங்காகத் தெரியும். முழு நாணயத்தையும் அப்படித் தேடினால் ஒரு மூட்டைக்குள் ஆயுசு முடிந்துவிடும்.

விளக்கு மேலிருந்து விழக் கூடாது, பக்கவாட்டில் சாய வேண்டும் என்றும் சொன்னேன். சாய்ந்த வெளிச்சத்தில்தான் மேடு நிழல் போடும். எழுதிக்கொண்டார். என் பேச்சை ஒருவர் எழுதிக்கொள்வதைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று!

மார்ச் 9, திங்கள்

நாணயச்சாலையில் எங்களுக்குக் கொடுத்திருந்தது கீறல் விழுந்த மூன்று மடங்கு லென்ஸ் ஒன்றுதான். பத்து மடங்கு வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றும் எங்கே போனதோ.

பதினான்கு வருடம் ஆகிறது. ஏழாம் மெஷின். காலை ஷிப்ட் பார்த்தது என் நாத்தனார், இவருடைய தங்கை. மதியம் நான். கால் மணிக்கு ஒரு முறை ஒரு பிடி நாணயம் எடுத்துப் பார்க்க வேண்டும். நான்கு மணிக்குப் பார்த்தபோது சுத்தம். நாலேகாலுக்கு எடுத்தால் எல்லாவற்றிலும் கொப்புளம். அச்சின் விளிம்பு உடைந்து விழுந்திருந்தது. மெஷினை நிறுத்தினேன். அதற்குள் அடித்தவை கலந்து, மூட்டையாகி, வெளியே போய்விட்டன.

விசாரணையில் ஒரே கேள்வி. விரிசல் விடாமல் அச்சு உடையுமா? விரிசல் எப்போது விட்டது? நாத்தனார் சொன்னாள்: "நான் ஒப்படைக்கும்போது அச்சு சுத்தமா இருந்துச்சு. பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்." அப்படியானால் விரிசல் என் ஷிப்டில் விட்டது. நான் தூங்கியிருக்கிறேன் என்று தீர்ப்பு. எனக்கு இரண்டு இன்கிரிமென்ட் போனது, மூட்டை தைக்கும் பிரிவு வந்தது. அவள் அந்த மாதமே சூப்பர்வைசர்.

வீட்டுக்கு வந்து அழுதபோது இவர் சொன்னது: "அசந்திருப்பே. மனுஷங்கதானே."

தன் பெண்டாட்டியை மன்னித்துவிட்ட பெருமை அந்த முகத்தில்.

மார்ச் 12, வியாழன்

லென்ஸ் வந்துவிட்டது. பத்து மடங்கு. ஓரம் வரை தெளிவு. சின்னப் பிள்ளை மாதிரி கை ரேகை, புடவை நூல், மேஜையின் தூசி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்



யாரோ சேகரிப்பாளர் வீட்டிலிருந்து பிரிக்காத மூட்டைகள் நான்கு வந்தன. மூன்றாவதில் ஈய முத்திரை அப்படியே இருந்தது. உள்ளே சீட்டு. தேதி, நான் மறக்கவே முடியாத தேதி. மெஷின் 7. ஷிப்ட்: காலை. கீழே நாத்தனாரின் சுருக்கொப்பம். வால் நீட்டிய அந்த எழுத்தைத் தூக்கத்தில் காட்டினாலும் சொல்வேன்.

மூன்று மடங்கில் ஒன்றும் இல்லை. பத்து மடங்கு, பக்க வெளிச்சம். விளிம்பிலிருந்து, நாணயத்தில் பொறித்த இலையின் நுனி வரை தலைமுடி மாதிரி ஒரு மேட்டுக் கோடு. அச்சில் விட்ட விரிசல் நாணயத்தில் மேடாகத்தான் விழும். ஒன்றிரண்டில் அல்ல, நாற்பதில் இருக்கிறது. சிலவற்றில் குட்டை, சிலவற்றில் நீளம். வெல்வெட்டில் இருந்த நாணயத்தை எடுக்கச் சொல்லி ஒப்பிட்டேன். கொப்புளம் அதே இலையின் அடியில்தான்.

காலையிலேயே விட்டிருக்கிறது. என் கைக்கு வருவதற்கு முன்பே.

"என்னக்கா, முகம் இப்படி வெளுத்துடுச்சு?" என்று தண்ணீர் கொடுத்தார். பிறகு எல்லாம் சொன்னேன். நுண்ணோக்கியில் படம் எடுத்துக் கொடுத்தார், சீட்டோடு சேர்த்து. நாற்பதையும் விற்க மாட்டேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்நியர்.

மார்ச் 18, புதன்

ராத்திரி பூரா யோசித்ததில் ஒன்று தெளிந்தது. இந்த விரிசலை அந்த மூன்று மடங்கில் யாராலும் பார்த்திருக்க முடியாது. நானும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. "சுத்தமா இருந்துச்சு" என்று அவள் சொன்னது பொய் இல்லை. பதினான்கு வருடம் அவளை மனதுக்குள் வறுத்தெடுத்தேனே! அவள் பெண்களின் கல்யாணத்துக்குக்கூடத் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேனே!

குற்றம் லென்ஸ் மேல்தான். நாளைக்கு இவரிடம் சொல்லிவிட்டு அவளுக்குப் போன் செய்ய வேண்டும். நான்தான் முதலில் பேச வேண்டும்.

மார்ச் 19, வியாழன்

காலை டீ குடிக்கும்போது சொல்ல உட்கார்ந்தேன். மேஜை மேல் லென்ஸையும் ஒரு நாணயத்தையும் வைத்தேன். இன்னும் வாயைத் திறக்கவில்லை.

இவர் லென்ஸை எடுத்தார். கட்டைவிரலால் தள்ளி உறையிலிருந்து திறந்தார். கண்ணோடு ஒட்டிப் பிடித்தார். நாணயத்தைத் தூக்கி அதனருகே கொண்டுபோனார்.

முப்பத்தைந்து வருடம் துணிக்கடையில் கணக்கு எழுதின மனுஷன்.

"இப்படிப் பிடிக்க யார் சொல்லித் தந்தா?"

"கடையில காட்டினாங்க."

"எந்தக் கடையில?"

நாணயத்தைக் கீழே வைத்தார். டம்ளரைப் பார்த்தார்.

"ஏங்க, எந்தக் கடையில?"

தங்கை தன் வேலைக்கு நல்ல லென்ஸ் வேண்டும் என்று கேட்டாளாம். வாட்ச் கடையில் வாங்கிக் கொடுத்தாராம். பத்து மடங்கு. அந்தச் சம்பவத்துக்கு ஒரு வருடம் முன்பே. நான் மூன்று முறை மனு எழுதியதெல்லாம் இவருக்குத் தெரியும். இதே மேஜையில்தான் எழுதினேன்.

"அவ பார்த்தாளா?"

லென்ஸை மடக்கி உறைக்குள் தள்ளினார்.

"அவ கோட்டைப் பார்த்தாளான்னு கேக்கறேன்."

"அன்னைக்கு சாயங்காலமே வந்து அழுதா. சின்னக் கோடுதான், இன்னொரு ஷிப்ட் தாங்கும்னு நினைச்சிருக்கா. மெஷினை நிறுத்தியிருந்தா எண்ணிக்கை குறையும், அந்த மாசம்தான் பிரமோஷன் லிஸ்ட்... அவளுக்கு ரெண்டு பொண்ணுங்க. புருஷனுக்கு வேலை கிடையாது. உனக்கு நான் இருந்தேன்."

உனக்கு நான் இருந்தேன். அய்யோ, எழுதும்போதே கை எரியுது. இருந்தீங்களா? எங்க இருந்தீங்க? பதினோரு வருஷம் கோணி ஊசி குத்தி விரல் வீங்கி வந்தேனே, எண்ணெய் தடவி விட்டீங்களே, அந்த விரலைப் பிடிச்சுக்கிட்டே எப்படிங்க வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க? அசந்திருப்பேன்னு சொன்னீங்களே. தெரிஞ்சுக்கிட்டே சொன்னீங்களே.

அவள் செய்தது பயத்தில். இவர் செய்தது எதில்?

மார்ச் 20, வெள்ளி

நாத்தனாருக்குப் போன். "நீ பார்த்தியா?" என்றேன், வேறு எதுவும் இல்லாமல்.

"பார்த்தேன் அண்ணி." பிறகு: "அண்ணன்தான் விட்டுடு, நான் பார்த்துக்கறேன்னு சொன்னாரு."

வைத்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

படங்கள், சீட்டின் நகல், இரண்டு பக்கக் கடிதம். நாணயச்சாலைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பணம் கேட்கவில்லை. என் கவனக்குறைவு என்று கோப்பில் இருக்கும் அந்த ஒரு வரியைத் திருத்துங்கள் என்று மட்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

வீட்டில் இரண்டு பேரும் பேசுவதில்லை. காய்கறி வந்துவிட்டது, கேஸ் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். "இந்த வயசுல இதையெல்லாம் கிளறி என்னாகப் போகுது?" என்று இன்று கேட்டார். வயதாகிவிட்டால் பொய்யும் பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விடும் என்று நினைக்கிறார் போல.

ஏப்ரல் 16, வியாழன்

பதில் வந்தது. நான்கு வரி. குறிப்பிட்ட கோப்பு பத்து ஆண்டு முடிந்ததால் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டது; இல்லாத கோப்பில் திருத்தம் செய்ய இயலாது; தங்கள் அக்கறைக்கு நன்றி.

சிரித்தேன். கடைக்காரர் பயந்துபோனார்.

ஏப்ரல் 27, திங்கள்

கடைக்கு மேலே மாடியறைக்குப் பெட்டியோடு வந்துவிட்டேன். ஜன்னல் வடக்கே பார்க்கிறது. குழாயில் தண்ணீர் சன்னமாக வருகிறது. தாழ்ப்பாள் இழுத்தால் முனகுகிறது, ஆனால் விழுகிறது.

மே 8, வெள்ளி

பதினொரு மணிக்கு அவர் கடைக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. வாசலிலேயே நின்று ஒரு மருந்துச் சீட்டை நீட்டினார்.

"எழுத்து பொடியா இருக்கு. கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

படித்தேன். காலையில் ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பாதி. வெறும் வயிற்றில் கூடாது.

"எப்ப வர்றே?" என்றார்.

"அது இதுல எழுதலை."

கடைக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். அலமாரியில் விற்பனைக்கு இருந்த, கைப்பிடி போட்ட வாசிப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்தேன். என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று உள்ளே பார்த்துச் சொன்னேன்.

"இதை வச்சுக்கோங்க. இனிமே நீங்களே படிச்சுக்கலாம்."

வாங்கிக்கொண்டார். சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வெயிலில் இறங்கி, தெரு முனையில் ஒரு லாரிக்காக நின்று, பிறகு கடந்து போனார்.

மதியத்துக்குள் இரண்டு மூட்டை முடித்தேன்.