ரூல்ஃபின் தொட்டியைத் தேய்த்த நாட்கள்

மார்ச் 6, ஞாயிறு

என் கணவன் ரூல்ஃப் இன்றும் கூடத்தில் உட்காரவில்லை. அடுக்களை மேஜையில், மீன் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேப்பரைப் பிடித்திருந்தான். பேப்பர் சலசலத்துக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம்கூடத் திருப்பியதாகத் தெரியவில்லை.

இந்த ஆறடித் தொட்டி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு ஓர் ஓட்டலை மூடியபோது வாங்கி வந்தது. கண்ணாடி இல்லை, அக்ரிலிக் பிளாஸ்டிக். அன்றைக்குப் பார்க்கச் சகிக்காது. இரண்டு மாதம் உட்கார்ந்து தேய்த்து, தண்ணீர் தானாகவே நிற்கிறதோ என்று வந்தவர்கள் கேட்கும்படி ஆக்கினான். அதே கைதான் இப்போது உள்ளே பாசி சுரண்டப் போய் முன்பக்கம் முழுவதையும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி வைத்திருக்கிறது. மீன்கள் பனிமூட்டத்துக்குள் போய்வருகின்றன.

மீன் வளர்ப்போர் சங்கத்தில் கேட்டவர்களிடம், "பாசி சுரண்டுற காந்தத்துல மணல் மாட்டிக்கிச்சு" என்று சொல்லியிருக்கிறான். நடுக்கவாதம் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. எங்கள் இருவரையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவே கூடாதாம்.

மார்ச் 8

சங்கத்துக்கு இனிமேல் போவதில்லை என்று சொல்லிவிட்டான். முப்பது வருஷம்! அக்டோபரில் வீடு வீடாக வந்து தொட்டிகளுக்கு மதிப்பெண் போடுவார்களே, அதற்கும் பேர் கொடுக்க மாட்டானாம்.

"மீனையெல்லாம் எவனுக்காவது குடுத்துரு, ஹில்யே."

தொட்டியும் போய்விட்டால் இவனிடம் என்ன மிஞ்சும்? எனக்கு என்ன மிஞ்சும்? பயமாக இருக்கிறது.

மார்ச் 19, சனி

நானே தேய்க்கப்போகிறேன் என்று அறிவித்தேன்.

"நீயா? தோட்டத்துக் கதவையே நீ ஒழுங்கா தேச்சதில்ல."

"கதவு வாயைத் திறந்து குறை சொல்லல. நீயும் சொல்லாத."

செடிகளை வாளிகளிலும், மீன்களைப் பின்கட்டில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப்பாக்களிலும் விட்டேன். பன்னிரண்டு குடம் மணலை அள்ளி வெளியே கொட்டினேன். அவன் எழுந்து வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

மார்ச் 24

நானூறாம் நம்பர் உப்புத்தாள், தண்ணீர், தேய்ப்பு. நம்பர் ஏற ஏறத் தாள் மென்மையாகுமாம். தலையையும் தோளையும் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு நாள் முழுக்க இதே. வலது தோள் செத்துவிட்டது. எனக்கு அறுபத்தைந்து வயது. யார் கேட்டார்கள் இதையெல்லாம் செய்யச் சொல்லி?

ஏப்ரல் 2, சனி

முன்னைவிட மோசம். கீறலாக இருந்தது இப்போது முழுக்க வெள்ளை. பால் பாக்கெட்டுக்குள் தலையை விட்டதுபோல் இருக்கிறது. தாளைத் தூக்கி எறிந்துவிட்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "எண்ணூறுக்குத் தாவிட்டியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தத்துலயே தெரியுது. அறுநூறை முடிக்கல நீ. முடிக்காம தாவினா அந்தக் கீறல் அடியிலேயே உக்காந்துக்கும். கடைசியில பாலிஷ் போடும்போது பல்லைக் காட்டும்."

"ஒரு வாரமா காதை மட்டும் இங்க வெச்சுட்டு அங்க உக்காந்திருக்கியா? வந்து சொல்லித் தொலைச்சா என்ன?"

வரவில்லை. ஆனால் சொன்னது சரி. மறுபடியும் அறுநூறு.

ஏப்ரல் 5

வாசற்படி வரை வந்தான். "ஒரு தாளுக்கு இடவலமா தேய், அடுத்த தாளுக்கு மேலும் கீழுமா. முந்தின கோடு ஒண்ணுகூடத் தெரியாத வரைக்கும் தாளை மாத்தாத. அழுத்தாத. சூடேறினா பாழ்."

ஒரே மூச்சில் இவ்வளவு வார்த்தை! நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவான்.

ஏப்ரல் 9, சனி

நாற்காலியை இழுத்து வந்து கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஆயிரத்து ஐநூறு. "இடது மூலை. அங்க இல்ல. உன் இடது இல்ல, என் இடது" என்று காலையிலிருந்து ஒரே அதிகாரம். பள்ளிக்கூடத்திலும் இவன் இப்படித்தான், பக்கத்துப் பெஞ்சிலிருந்து என் கணக்கைத் திருத்திக்கொண்டிருப்பான். எரிச்சலாக வந்தது. எரிச்சல் வந்ததே சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 14, வியாழன்

இரண்டாயிரமும் முடிந்து, பாலிஷும் முடிந்தது. தொட்டிக்குள்ளிருந்து வெளியே பார்த்தேன். நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல் ரூல்ஃபின் முகம். மூக்குமேல் இருக்கிற மருகூடத் தெரிந்தது.

"போதும்" என்றான். இவன் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

சாப்பிட்டபின் ஒரு தாளை எடுத்து, எந்தச் செடி எங்கே என்று வரைந்தான். அக்டோபருக்குள் பின்பக்கம் அடர்ந்துவிடுமாம். கோடுகள் எல்லாம் கோணல். தாளை மறைக்கவில்லை.

ஏப்ரல் 15, வெள்ளி

கெடுத்துவிட்டேன். நானே கெடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜன்னல் துடைக்கிற நாள். வாளித் தண்ணீரில் ஒரு மூடி ஸ்பிரிட் ஊற்றுவது இந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் கை தானாகச் செய்கிற வேலை. என் அம்மா அப்படித்தான் துடைத்தாள், நானும் நாற்பது வருஷமாக அப்படித்தான். தெருப்பக்கத்து ஜன்னலை முடித்துவிட்டுத் திரும்பினால், தொட்டியின் ஓரத்தில் பாலிஷ் காய்ந்து லேசாகப் படிந்திருந்தது. துணி கையில் இருந்தது. உள்ளும் புறமும், நான்கு மூலையும், பளபளவென்று துடைத்தேன். பாட்டுக்கூடப் பாடிக்கொண்டிருந்தேனே!

அரை மணி நேரத்தில் வளைந்த மூலைகளில் முடி முடியாகக் கோடுகள். தூசி என்று நினைத்து இன்னொரு தடவை அதே துணியால் துடைத்தேன். ரூல்ஃப் மருந்துக்கடையிலிருந்து திரும்புவதற்குள் முன்பக்கம் முழுவதும் பரவிவிட்டது.

அவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து நகத்தால் தடவிப் பார்த்தான். வாளியை மோந்து பார்த்தான்.

"இது கீறல் இல்ல ஹில்யே. விரிசல். உள்ள இறங்கிருச்சு. தேச்சாலும் போகாது. தண்ணி ஊத்தினா என்னைக்காவது பொளந்துரும்."

"ஒண்ணுமே செய்ய முடியாதா?"

"முடியாது."

ஏப்ரல் 16

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை. மத்தியானம் ரொட்டியை வைத்துக்கொண்டு, "அக்ரிலிக்ல ஸ்பிரிட் படக் கூடாதுன்னு எங்க சங்கத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உனக்குச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லையே" என்றான். பாதி ரொட்டியோடு எழுந்துபோய்விட்டான்.

ஏப்ரல் 20

செடிகள் வாளியிலேயே அழுகத் தொடங்கிவிட்டன.

ஏப்ரல் 27

வெளியே நாட்டு ராஜாவின் பிறந்தநாள் கொண்டாட்டம், தெருவெல்லாம் அவர் குடும்ப நிறமான ஆரஞ்சு. ரூல்ஃப் ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னான். எங்கள் வீட்டில் பகலில் திரை இழுத்ததே கிடையாது. பிறகு, "எல்ட்யோவுக்கு போன் போடு. மீனை வந்து எடுத்துக்கட்டும். டப்பாவுல எத்தனை நாளுக்கு உசிரோட இருக்கும்?" என்றான்.

எல்ட்யோ சங்கத்துச் செயலாளர். அக்டோபரில் மதிப்பெண் போட வருகிறவர்களில் ஒருவர். போன் போட்டேன், அடுத்த வாரக் கடைசியில் வருவதாகச் சொன்னார்.

மே 7, சனி

எல்ட்யோ "மோய்!" என்று ஊர் வழக்கப்படி வணக்கம் கத்திக்கொண்டே பின்வாசலால் வந்தார். காப்பி கொடுத்தேன், பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று. அவர் கண் தொட்டியைவிட்டு அகலவில்லை. போர்வை போட்டு மூடியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை.

"அடக் கடவுளே, ஸ்பிரிட்டா? யாரு பாத்த வேலை இது?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சங்கத்துக் கூட்டத்தில் பத்துப் பேர் இதைச் சொல்லிச் சிரிக்கப்போகிறார்கள் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். அற்ப புத்தி.

"அவ என் கீறலை எடுக்கத்தான் இறங்கினா" என்றான் ரூல்ஃப்.

"அதான் தெரியுமே. காந்தத்துல மணல்..."

"மணலும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கைதான்." காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டினான். "நடுக்கவாதம். போன செப்டம்பர்லருந்து. பாத்துக்க."

கைகள் ஆடின. பிஸ்கட் டப்பாவின் மூடி கூடச் சேர்ந்து கிடுகிடுத்தது. எல்ட்யோ எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காப்பியைப் பார்த்தார்.

"மூணு வாரம் தொட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டுத் தேச்சா. ஒரு கோடு இல்லாம எடுத்தா. உங்க கூட்டத்துல பேசினா அதையும் சேத்துப் பேசு."

மீன்களை அவர் மூன்று வாளிகளில் எடுத்துக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை நகராட்சி வண்டி வந்து தொட்டியை எடுத்துக்கொள்ளும். கூடத்துச் சுவரில் ஆறடிக்கு வெளுத்த அடையாளம் இருக்கும், அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாததை எனக்காகச் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு மிகவும் களைத்துப்போனான். இதுவரை என்னைத் தொடவிடாத சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட வா என்று இப்போது அவனே கூப்பிடுகிறான்.