அப்பா தேடும் பெயர்கள்

அவினோ,

அப்பாவுக்கு மருந்து வாங்க கிசுமு டவுனுக்குப் போகிறேன். உகாலிக் களியை மூடி வைத்திருக்கிறேன். மீன் குழம்பைச் சுடவைத்துக் கொடு. "தண்ணியில இருக்குமே, அது" என்று கேட்டாலே கொடுத்துவிடு. நேற்றைப் போல, "மீன்னு சொல்லுங்கப்பா, அப்பத்தான் தருவேன்" என்று நிற்காதே. இந்த மூளை நோயில் முதலில் பெயர்கள்தான் போகும் என்று டாக்டர் சொன்னாரே. ஆனாலும் நான் உன்னை அவ்வளவு திட்டியிருக்க வேண்டாம். ரேடியோவில் அப்பா கால்பந்து வர்ணனை செய்தால் நம் தெருவே வேலையைப் போட்டுவிட்டுக் கேட்கும். அந்த வாய் தடுமாறுவதை உன்னால் தாங்க முடியவில்லை, தெரியும்.

பத்து மணிக்கு அவருடைய ரேடியோ நண்பர் ஒகுமு வருவார். டீ கொடு. இருவரும் பேசாமலே உட்கார்ந்திருப்பார்கள், இருக்கட்டும்.

அம்மா

உன்னிடம் சொல்லவில்லை: காலையில் என் பெயர் அவருக்கு வரவில்லை. வெகுநேரம் தேடிவிட்டு, "வீடு" என்று கூப்பிட்டார். "இதோ வரேங்க" என்று போனேன்.