சண்டை விமானத்துக்கு வைத்த பொட்டு

வெள்ளி, இரவு.

மூணு மாசமாக ஒட்டிச் சேர்த்த போர்க்கால விமான மாடலின் மூக்கில், பெயிண்ட் காயுமுன்னே என் சம்சாரம் சரசு சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். சத்தம் போட்டேன்.

"ஏனுங்க, புது வண்டிக்குப் பொட்டு வெக்க வேண்டாமா? நான் எங்க உக்கார்றது?"

"இதுல ஒருத்தர்தான் போக முடியும், அம்மணி."

"தெரியுமுங்க. கடையிலிருந்து வந்ததும் தெனமும் அதுலதான ஏறிப் போயிடறீங்க."

கடையில் சரக்கு விலை பேசும்போதுகூட யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை.

படுத்துக் கண்ணை மூடினால் பவானி ஆற்றுக்கு மேலே பறக்கிறேன். முதுகுக்குப் பின்னால் அவள் வளையல் சத்தம். ஒற்றை சீட் எப்படி அகலமானதோ, தெரியவில்லை.

கண் திறந்தேன். அவளும் தூங்கவில்லை. பேசினோம். பொட்டு அப்படியே இருக்கட்டும், மாசம் ஒரு ஞாயிறு அவளோடு வெளியே போகலாம் என்றேன். நாலு ஞாயிறும் வேண்டும் என்றாள். பேரம் மூணுக்கு முடிந்தது.