வெட்டுப்பட்ட இடத்தில் நடந்தது

நேற்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் அந்தப் போர்ப் படத்தின் போஸ்டரை மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசையின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். குன்னம் பஸ் வந்து, நான் ஏறாமலே போய்விட்டது.

பத்தாவதில், மதிய வகுப்புக்குப் போகாமல் நீயும் நானும் பார்த்த படம். 'வேணாம்டி, எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வூட்டோட நிறுத்திப்புடுவாரு' என்றாய். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். திரையில் சென்சார் சான்றிதழ் வந்ததும் மூலையிலிருந்த முக்கோணத்தைக் காட்டி, 'வெட்டு வாங்குன படம்டி, பாரு' என்று கிள்ளினாய்.

வெட்டு நன்றாகவே தெரிந்தது. கூட்டாளிகள் பதுங்கிய இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்த சிப்பாய் ஓடிக்கொண்டிருந்தான். சட்டென்று படம் துள்ளியது. அடுத்த காட்சியில் அவன் உடல்மேல் கொடி. அவனால் ஏமாந்த நண்பனே சல்யூட் அடிக்கிறான். வெட்டுப்பட்ட இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று திரும்பும் வழியெல்லாம் நமக்குள் சண்டை. தனியாகப் போரிட்டுச் செத்திருப்பான், அது போதும் என்றேன்.

'செத்தா சரியாப் போச்சா? நேராப் போயி, நாந்தாண்டா செஞ்சேன்னு சொல்லியிருப்பான். அதத்தான் வெட்டிட்டானுங்க' என்றாய் நீ.

யாரோ நம்மைப் பார்த்துப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் தலைமையாசிரியை கேட்டபோது, 'இவதான் டீச்சர் கூப்பிட்டா' என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நீ பயந்தபடியே உன் அப்பா உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். நீ வெங்காயக் காட்டில் குனிந்திருப்பது தெரிந்தால் நான் சுற்றிக்கொண்டு போவேன். ஐப்பசியில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நீ போய்விட்டாய். நான் இப்போது பிளஸ் டூ படிக்கிறேன்.

நேற்று அடுத்த பஸ்ஸில் வந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்.

'மாமா, அன்னிக்கிக் கூப்பிட்டது நான். அவ வரமாட்டேன்னுதான் சொன்னா.'

அரிவாள் நின்றது. அடிக்கட்டும் என்று நின்றேன்.

'அம்புட்டு அடிச்சேனே. அப்பக்கூட உம் பேரச் சொல்லலியே' என்றார். பிறகு, 'படத்தச் சிரிச்சுப் பாத்தாளா, பாப்பா?'

'பாத்தா, மாமா.'

தலையை ஆட்டிக்கொண்டு, அறுத்த வெங்காயத்தையே மறுபடி அறுக்கத் தொடங்கினார்.

உன்மேல் கிடந்த பழியை எடுக்கத்தான் போனேன். அவர் அதை வாங்கித் தன்மேல் போட்டுக்கொண்டார். எனக்கென்று ஒரு வசவுகூட வைக்கவில்லை. அந்த வராத வசவோடுதான் நேற்றிலிருந்து அலைகிறேன்; உட்காரத் தெரியவில்லை.