சானடோரியத்தின் ஒரே பாட்டு

1988 ஜூன் 12, ஞாயிறு. மாலை 5.20. கேசட் ஐந்நூறு.
முடிந்தது. ‘சானடோரியம்’ — தாம்பரத்தின் முதல் ஃபங்க் குழு. நான் பாஸ் கிட்டார், சவுண்டு. சிட்டிபாபு டிரம்ஸ். ஹனீஃபா பாட்டு. காப்பி எடுக்கும் டெக்கின் மோட்டார் ஆரம்பத்திலேயே இழுத்தது. பின்பக்க ஸ்க்ரூவைத் திருகி, காதால் கேட்டே ஸ்பீடு வைத்தேன். ஸ்பீடு சரிபார்க்கும் டெஸ்ட் டேப் தேட யாருக்குப் பொறுமை?
ஹனீஃபாவின் அம்மா நூர் பீவி கேட்டுவிட்டு, “இது எம் புள்ள கொரலே இல்லியே” என்றார். சிரித்தோம்.

ஜூலை 30
‘கேட்டு போட்டாச்சு’ பிடித்துக்கொண்டது! ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவன் பாட்டு. குரோம்பேட்டை டீக்கடையில், கல்யாண வேனில். மற்ற ஏழு பாட்டை ஒருத்தனும் சீண்டவில்லை.

ஆகஸ்ட் 14
அஸ்தினாபுரம் அம்மன் கோவில், ஆடிக் கூழ் விழா. முதல் மேடை. பாதிப் பாட்டில் ஒருவன் கத்தினான்: “இன்னாபா தூங்கிகினு பாடற? கேசட்ல கீற மாரி பாடு!”
வந்ததும் கேசட்டை ஓட்டி பாஸைச் சேர்த்துப் பார்த்தேன். சுருதி அரைக் கட்டைக்கு மேல் ஏறியிருக்கிறது. வேகமும். நாங்கள் பதிந்த மாஸ்டர் டேப் சரி, காப்பிதான் தப்பு. நான் திருகிய ஸ்க்ரூ.
சிட்டிபாபு: “நீ எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிச்சியா, இல்ல படிக்கிறவன் பக்கத்துல உக்காந்துனு இருந்தியா?”
ஜனத்துக்குப் பிடித்தது தப்பான வேகம். அப்படியானால் அதுதான் சரி. இனி ஏற்றியே பாடுவது.

செப்டம்பர் 9
ஹனீஃபாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.
“அரைக் கட்டை எறக்குடா மச்சான்.”
“எறக்குனா அது வேற பாட்டுடா.”
“டாக்டர் ஒரு மாசம் பேசவே கூடாதுன்றாரு.”
“ஆயுத பூஜை புக்கிங் முடியட்டும்.”

அக்டோபர் 18
சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், ஒரு கம்பெனியின் ஆயுத பூஜை. லேத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். மறுபடியும். ஹனீஃபாவுக்குக் காற்றுதான் வந்தது. கேசட்டை சவுண்டு மிக்ஸர் வழியாக ஓட்டினேன். வாயை மட்டும் அசை என்றேன். ஒரு சரணம் அசைத்தான். பிறகு மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். பாட்டு நிற்காமல் ஓடியது. முதலில் சிரிப்பு. பிறகு செருப்பு.
ஏன்டா இப்டி பண்ண? — அவனையா கேட்கிறேன், என்னையா?

நவம்பர் 3
புக்கிங் எல்லாம் கேன்சல். சிட்டிபாபு வேறு ஆர்கெஸ்ட்ராவில்.

1989 ஜனவரி 22, ஞாயிறு
தாம்பரம் மார்க்கெட்டில் ஹனீஃபா. மாமாவின் பிளாஸ்டிக் கடையில் பக்கெட் அடுக்கிக்கொண்டிருந்தான். கரகரவென்று பேசுகிறான். இனி பாட முடியாதாம். எதிர்க்கடையில் எங்கள் பாட்டு.
“நல்லா பாடறான் இல்ல? யார்ரா அவன்?” என்றான்.
நான் ஒரு பக்கெட்டை எடுத்து அடுக்கின் மேல் வைத்தேன்.
“அம்மா கேட்டாங்கடா. எங் கொரலு எங்கனா கீதான்னு.”

செய்ய வேண்டியவை:
1. டெஸ்ட் டேப் வாங்குவது. காதை நம்புவதில்லை.
2. மோட்டாரைச் சரியான வேகத்துக்கு இறக்குவது.
3. மாஸ்டரிலிருந்து ஒரே ஒரு காப்பி.
4. நூர் பீவியிடம் வீட்டில் கொடுப்பது — ஹனீஃபா கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து.