சொந்த விருப்பம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ எழுதிய ஆய்வறிக்கை இன்று எங்கள் மருத்துவமனைக்கு வந்தது. பெரிய டாக்டர் என்னை நிற்கவைத்து வாசித்தார். "புற்றுநோய் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் சொந்த விருப்பத்தாலேயே விட்டுள்ளனர். எனவே சிற்றூர்களில் கீமோ பிரிவு தொடங்க அவசரமில்லை."

அந்தப் பிரிவைக் கேட்டு நான்கு வருடமாக மனுவோடு அலைந்ததில் எனக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஆறு மணி நேரம். மருந்து ஏற்றிய உடம்போடு, மடியில் பிளாஸ்டிக் பையை வைத்து வாந்தியெடுத்தபடியே திரும்ப வேண்டும். ஒரு நோயாளியையாவது நேரில் கேட்டாயா? ஏசி அறையில் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் வரும்.

கோபத்துடன்,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள். காரணத்தை நான் கற்பனை செய்யவில்லை. சிகிச்சையை விட்டவர்களுக்காக உங்கள் மருத்துவமனை நிரப்பி அனுப்பிய முப்பத்தெட்டுப் படிவங்களின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் 'சொந்த விருப்பம்' என்ற கட்டத்தில்தான் டிக். கீழே பொறுப்புச் செவிலியரின் கையெழுத்து. என் ரேங்க் கார்டில் அப்பாவுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்ட கை அது, எனக்குத் தெரியாதா?

மாதக் கடைசியில் குழு கூடி கீமோ பிரிவு பற்றி முடிவெடுக்கும். வேறு சான்று இருந்தால் அதற்குள் அனுப்பு.

உன் தம்பி

மார்ச் 14

தம்பி,

நான்தான் போட்டேன். படிவத்தில் மூன்றே கட்டம்: இறப்பு, இடமாற்றம், சொந்த விருப்பம். "இனிமே என்னால வர முடியாதும்மா" என்பவரை எதில் போடுவது? வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள். டிக் அடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். நாளையிலிருந்து லீவு. வீடு வீடாகப் போய்க் கேட்கப்போகிறேன்.

அக்கா

மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

முப்பத்தேழு வீடு ஏறி இறங்கிவிட்டேன். பலர் இப்போது இல்லை, வீட்டாரைத்தான் கேட்டேன். தையற்காரரின் மனைவி, "விருப்பமா? பஸ் படியில கால் தூக்கி வைக்க முடியாம அங்கயே உக்காந்து அழுதாரு, சிஸ்டர்" என்றாள். வேன் ஓட்டுநர் ஒருவர் கதவையே திறக்கவில்லை. "அன்னைக்கே கேக்காம இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். திருத்திய படிவங்கள் இத்துடன் வருகின்றன.

முப்பத்தெட்டாவது நம் அம்மாவுடையது. பெயரைப் பார்த்தும் நீ அதையும் கணக்கில் சேர்த்திருக்கிறாய், கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் யோக்கியமில்லை. "அம்மாவுக்கே இஷ்டமில்லடா" என்று போனில் உன்னிடம் சொன்னது பொய். மூன்றாவது தடவை கீமோவுக்கு அழைத்துப்போக எனக்கு லீவு கிடைக்கவில்லை, உனக்கு ஏதோ மாநாடு. "விடு, ரெண்டு பேரும் வேலையப் பாருங்க" என்றாள் அம்மா. நானும் நிம்மதியாக டிக் அடித்தேன்.

அவளுடைய படிவத்தில் காரணத்தை மாற்றிவிட்டேன்: 'அழைத்துப்போக ஆள் இல்லை.' கீழே என் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் உனக்கும் இடம் விட்டிருக்கிறேன். போட்டுவிட்டு, குழுவிடம் அதை முதலில் கொடு.

அக்கா