ஹாரன் அடிப்பேன், வெளியே வா

ப்ரோக்கன் போ, நெப்ராஸ்கா
23 ஜனவரி 1996, செவ்வாய் காலை

அன்புள்ள எம்மெட்டுக்கு,

நான் நலம். நீ நலமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இந்தத் தாள்களை உன் கையில் கொடுத்தது தீவனக் கடை ஜோலீன். அவள் கடை ஃபேக்ஸ் மிஷினுக்கு இங்கிருந்து அனுப்புகிறேன். என் கையெழுத்து நேரில் பார்த்தாலே கோழி கிளறியது மாதிரி இருக்கும், மிஷின் வழியாக வந்தால் கேட்கவே வேண்டாம். புரியாத இடத்தை அவளை வாசிக்கச் சொல். அவளை நிற்க வைக்காதே, உட்காரச் சொல். நீ கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் அவள் எழுந்து போக மாட்டாள். அப்படித்தான் பேசி வைத்திருக்கிறேன்.

காலையில் கடையைத் திறந்து விளக்கைப் போட்டேன், போன் அடித்தது. மைல்ஸ் சிட்டி அடகுக் கடை ராண்டல். வருஷத்தில் இரண்டு தடவை கூப்பிடுவான், இரண்டும் பெருமையடிக்கத்தான். "ஆர்வில் அண்ணே, உக்காந்துக்கிட்டு கேளுங்க. சனிக்கிழமை ஒரு பெரியவரு வந்தாரு. அஞ்சு துப்பாக்கி. போர்வையில சுத்தி, குழந்தையத் தூக்கியாற மாதிரி தூக்கியாந்தாரு. நான் சும்மா ஆழம் பாக்க ஒரு வெல சொன்னேன். அடிமாட்டு வெல. சொல்ல எனக்கே கூச்சமா இருந்திச்சு. மனுசன் சரின்னு தலையாட்டிட்டாரு! எண்ணிக்கூடப் பாக்கல, பையில போட்டுக்கிட்டு போயிட்டாரு" என்றான்.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. முதலில் எனக்கு வந்தது வயிற்றெரிச்சல். அந்தப் பெரியவர் ஏன் என் கடைக்கு வரவில்லை என்றுதான் தோன்றியது. என்னென்ன சரக்கு என்று கேட்டேன். ஒரு மான் ரைஃபிள், ஒரு இரட்டைக் குழல், பெண்பிள்ளை கைக்கு ஏற்ற சின்ன இருபத்திரண்டு ரைஃபிள் ஒன்று என்று அடுக்கிக்கொண்டே வந்தான். கடைசியில், "ஒரு பம்ப் துப்பாக்கி, பிடியோட மரக்கட்டை வெடிச்சிருக்கு, யாரோ பித்தளை ஆணி அடிச்சு ஒட்டவெச்சிருக்கான். ஆனா குழலுக்குள்ள பாத்தா கண்ணாடி அண்ணே, கண்ணாடி" என்றான்.

போனைப் பிடித்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பித்தளை ஆணியை அடித்தவன் நான்.

ராப்பிட் சிட்டி துப்பாக்கிச் சந்தை நினைவிருக்கிறதா? அது கிடந்த மேஜையைத் தாண்டிப் போனவர்கள் எல்லாம் வெடித்த கட்டையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். கூட்டம் மரத்தைப் பார்க்கும், நாம் குழலைப் பார்ப்போம். நீ வெள்ளைக் காகிதத்தை உள்ளே வைத்து வெளிச்சம் காட்டினாய், நான் கண்ணை வைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளித் துரு கிடையாது. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் கிடந்த வேறொரு குப்பைக்கு விலை கேட்டேன். நீ வழக்கம்போல, "ஒனக்குப் பொழுது போகலன்னா நீ இருடா, நான் கெளம்புறேன்" என்று கத்திவிட்டு வெளியே போனாய். கொஞ்ச நேரத்தில் வண்டியில் இருந்து மூன்று ஹாரன். விற்கிறவன் முகம் மாறியது. "ஒங்க ஆளு கெளம்பிட்டாரா?" என்றான். நான் பெருமூச்சு விட்டு, "அவனுக்குப் பொறுமையே கெடையாதுங்க. சரி, அந்த வெடிச்சதயும் சேத்து ஒரு வெல சொல்லுங்க, போறேன்" என்றேன். அந்த மூன்று ஹாரனில் விலை பாதியாக விழுந்தது. எத்தனை வருஷம், எத்தனை ஊர்! உன் பெண்டாட்டி வெர்னா சொல்வாள், "ஒங்க ரெண்டு பேரயும் ஜெயில்ல போடச் சட்டம் இல்லாததாலதான் வெளிய திரியிறீங்க."

அந்தத் துப்பாக்கியை, கடைக்காரன் சொன்ன முதல் விலைக்கே தலையாட்டிக் கொடுத்திருக்கிறாய். என்னைப் பார்த்து, "செத்தவன் வாயில இருக்கற தங்கப் பல்லுக்கும் பேரம் பேசுவடா நீ" என்று சொன்ன எம்மெட் சோல்பெர்க், அந்த எம்மெட் பணத்தை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ராண்டல் ஒன்று சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இன்னும் ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று உன்னைக் கேட்டானாம். நீ, "ஒண்ணு இருக்கு. அது விக்கிறதுக்கு இல்ல" என்றாயாம். ஏதோ விலை உயர்ந்த சரக்கைப் பதுக்குகிறாய் என்று அவன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

எனக்குத் தெரியும் அது எது என்று. பண்ணை ஏலத்தில் துருப்பிடித்த கதவுக் கீல்கள் ஒரு வாளி வாங்கினாயே, அதன் அடியில் இலவசமாகக் கிடந்த ரிவால்வர். நிக்கல் உரிந்து, பிடி ஒரு பக்கம் உடைந்து, கடையில் வைத்தால் எனக்கே அவமானம். "இத வெச்சு எலியக்கூட மெரட்ட முடியாது" என்று வெர்னா சொன்னாள். நல்லதையெல்லாம் போன விலைக்குத் தள்ளிவிட்டு அந்தக் குப்பையை மட்டும் ஒருவன் வைத்துக்கொள்கிறான் என்றால், எம்மெட், நான் இந்தத் தொழிலில் கிழவனானவன். எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

போனை வைத்துவிட்டு உன் வீட்டுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஜோலீனுக்கு அடித்தேன். "அவரு ஊருக்குப் போறேன்னாரே ஆர்வில்? சனிக்கிழமையே பிப்பர எங்கிட்ட விட்டுட்டாரு. அதோட தட்டு, சாப்பாடு, படுக்கற கம்பளின்னு எல்லாத்தயும் குடுத்துட்டுப் போனாரு. காலையில பாத்தா வண்டி வாசல்லயே நிக்குது, புகை வருது. ஊருக்குத்தான் போகலயோன்னு நெனச்சேன்" என்றாள். பேசப் பேச அவள் குரல் இறங்கிவிட்டது. ஊருக்குப் போய்த் திரும்பி வருகிறவன் நாயின் கம்பளி வரைக்கும் கொடுத்துவிட்டுப் போக மாட்டான் என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஆகவே சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சாக வேண்டும் என்று நினைக்கிறாயா? கேட்டுவிட்டேன். பக்கத்தில் ஜோலீன் இருக்கிறாள். ஆமாம் என்றால் அவளிடம் ஆமாம் என்று சொல். அவள் மயங்கி விழுகிற ஜாதி இல்லை, பசுவுக்குள் தோள்பட்டை வரை கையை விட்டுக் கன்றுக்குட்டியை இழுத்துப் போட்டவள்.

ஷெரீஃப் ஆபீசுக்கும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. "சைரனோட வந்தாங்கன்னா அவரு கதவத் தொறக்க மாட்டாரு. மொதல்ல நான் போறேன், அவங்க மாட்டு கேட்டுக்கு வெளியவே நிக்கட்டும்" என்று ஜோலீன்தான் சொன்னாள். "அவரு ஒங்க பேச்சத்தான் கேப்பாரு. எழுதி அனுப்புங்க, கையில குடுத்துப் படிக்க வெக்கிறேன்" என்றதும் அவள்தான். அதனால் ஜன்னல் வழியாக அந்த வண்டியைப் பார்த்துப் பதறாதே. அதில் உட்கார்ந்திருக்கிற ஷெரீஃப் ஆபீஸ் பையன் உனக்கு எதிரி இல்லை.

இனி வியாபாரம்.

இரண்டு மடக்கு மேஜையும் நாலு துருப்பிடித்த துப்பாக்கியுமாக ஆரம்பித்தவன் நான். யார் கேட்டாலும் ரகசியம் ஒன்றுதான் என்பேன்: மலிவு சரக்கில் இல்லை, விற்கிறவன் முகத்தில் இருக்கிறது. விவாகரத்து, பாங்கு நோட்டீஸ், புருஷன் போன வீடு. அவசரப்படுகிறவன் முகத்தைப் பார்த்துத்தான் நான் இந்தக் கடையைக் கட்டினேன். அந்த முகம் ஒரு நாள் உன்னுடையதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இன்று காலை ராண்டலிடம் உன் ஐந்து துப்பாக்கிகளுக்கும் என்ன வேண்டும் என்று கேட்டேன். அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். சரி என்றேன். மறுபடி கேட்டான், காது கேட்கவில்லை போல. சரி என்றேன். எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான். அவை அவன் கடையில் உன் பேர் எழுதி மேலே இருக்கின்றன, நீ நன்றாகிற வரைக்கும் அங்கேயே இருக்கும். வெர்னாவின் இருபத்திரண்டும்தான்.

ஆறாவதுக்கு விலை பேச வேண்டும். இருபது டாலர் தருகிறேன். பழைய எம்மெட்டாக இருந்தால் என் முகத்தில் காறித் துப்பியிருப்பாய். சரி, இருநூறு. போதாதா? என் சிவப்பு பிக்கப்பை எடுத்துக்கொள், கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வீட்டுக்காரி ஐரீனிடம் கேட்டேன், அவள் அவளுடைய தையல் மிஷினையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். கடையின் பெயர்ப்பலகை வேண்டுமா? எழுதித் தருகிறேன். என் ஆயுசில் எந்தச் சரக்குக்கும் கேட்டதற்கு மேல் கொடுத்ததில்லை. இதற்கு நீ கேட்கிறதைக் கொடுக்கிறேன். ஆனால் சரக்கு இப்போதே கை மாற வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று மட்டும் ஜோலீனிடம் சொல், நீ எடுக்கப் போகாதே, அவளே எடுத்துக்கொள்வாள். கேட் வரைக்கும் கொண்டுபோய் அந்தப் பையனிடம் கொடுத்துவிட்டு உன்னிடமே திரும்பி வருவாள். அவ்வளவுதான். ரசீது கூட வேண்டாம்.

வெர்னா கண்ணை மூடிய அக்டோபரில் இருந்து உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. மாடுகளை விற்றாய். காபியை ஒருவனுக்கு மட்டும் போடுகிற கஷ்டத்தை ஒரு தடவை போனில் சொன்னாய், அப்புறம் பேச்சை மாற்றினாய். அதைச் சரி செய்ய என்னிடம் எதுவும் இல்லை. இருந்தால் இத்தனை தாள் எழுத மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்வேன், உனக்கும் தெரிந்ததுதான். ஜனவரி வாங்குகிற மாதம், விற்கிற மாதம் இல்லை. வேட்டைக் காலம் முடிந்து, கிறிஸ்துமஸ் கடன் கழுத்தைப் பிடித்து, பனி ஜன்னல் வரைக்கும் ஏறி நிற்கும்போது, மனுஷனுக்குத் தன்னிடம் இருப்பதெல்லாம் குப்பையாகத்தான் தெரியும். பொக்கிஷங்களைத் தலையில் கட்டாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். செப்டம்பரில் அதே ஆட்கள் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஏக்கமாகப் பார்ப்பார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம், நீயும் நானும்! ஜனவரியில் எதற்கும் விலை போடாதே, எம்மெட். உனக்குப் போடவே போடாதே.

நீ போட்ட விலை தப்பு. அதை எடுத்துச் சொல்ல இந்த நாட்டில் என்னைவிடத் தகுதியானவன் கிடையாது.

இதை மிஷினில் விட்டதும் வண்டியை எடுக்கிறேன். ஐரீன் ஃபிளாஸ்கில் காபியும் பன்றிக்கறி ரொட்டியும் கட்டிவிட்டாள், உனக்கும் சேர்த்து. பனி விடுமானால் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் உன் வாசலில் நிற்பேன். விடாவிட்டாலும் நிற்பேன், கொஞ்சம் பிந்தும். அதுவரை ஜோலீன் இருப்பாள். பிப்பரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். அந்த நாயை அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க விடு, அதன் கம்பளியும் ஜோலீன் வண்டியில் இருக்கிறது.

நான் வந்து கதவைத் தட்ட மாட்டேன். இறங்கவும் மாட்டேன். உன் முற்றத்தில் வண்டியை நிறுத்தி மூன்று ஹாரன் அடிப்பேன். இத்தனை வருஷம் அதை நீ அடித்தாய், நான் உள்ளே நின்று பேரத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு தடவை கூட உன்னைக் காக்க வைத்ததில்லை. நீ வந்து வாசலில் நின்றால் போதும். எதுவும் பேச வேண்டாம். இல்லை, பேச வேண்டும் என்றால், சொன்ன விலை பத்தாது என்று சொல். திட்டு. பிக்கப்பின் கியரைக் குறை சொல். கன்று போடுகிற காலம் வரைக்கும் நாம் பேரம் பேசலாம், எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

நீ பொறுமை இல்லாதவன் என்று ஊரெல்லாம் பொய் சொன்னவன் நான். இன்றைக்கு ஒரு சாயங்காலம் வரைக்கும் அந்தப் பொய்யைப் பொய்யாகவே வைத்திரு, எம்மெட். ஹாரனைக் கேட்டால் வெளியே வா.

வழியில் இருக்கும்,
உன் ஆர்வில் டிவோரக்